ஏலக்காய் விலைப்பட்டியலும் வலைப்பக்க வார்ப்புருவும்

போடிநாயக்கனூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஏலக்காய் புதிதல்ல. போடிமெட்டு ஏறித் தோட்ட வேலைக்குச் செல்லும் பெற்றோர், நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையம், 'இன்றைக்குக் காய் என்ன விலை?' என்ற பேச்சு எல்லாம் அவர்கள் அறிந்தவை. அந்த விலைப்பட்டியலைக் கொண்டே கணினிப் பாடத்தின் ஒரு கருத்தைப் புரிய வைக்கலாம்.

ஏலப் பட்டியலில் லாட் எண், எடை, கிலோ விலை ஆகியவை வரிசையாக வரும். ஒரு நாள் 50 லாட் வரலாம். மறுநாள் 200 வரலாம். நாள்தோறும் பக்கத்தைப் புதிதாக எழுத முடியுமா? நமது வருகைப்பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். கட்டங்கள் அச்சிடப்பட்டவை, பெயர்கள் மட்டுமே மாறுகின்றன. கட்டம் வார்ப்புரு, பெயர் தரவு.

2002இல் வெளிவந்த ஏ.எஸ்.பி.நெட் தொழில்நுட்பத்தில் இப்பணியை 'ரிப்பீட்டர்' என்னும் சேவையகக் கட்டுப்பாடு செய்கிறது. அதில் தலைப்பு, வரிசை, அடிப்பகுதி ஆகியவற்றுக்குத் தனித்தனி வார்ப்புருக்கள் எழுதுகிறோம். சேவையகம் தரவுத்தளத்திலிருந்து பதிவுகளை எடுத்துக் கட்டுப்பாட்டுடன் இணைக்கிறது. தலைப்பு ஒருமுறை, வரிசை ஒவ்வொரு பதிவுக்கும் ஒருமுறை, அடிப்பகுதி ஒருமுறை என உருவாகும் எச்.டி.எம்.எல். பக்கம் உலாவிக்கு வந்து சேர்கிறது. 2005இல் வந்த 'கிரிட்வியூ' அட்டவணையைத் தானே அமைக்கும். 2007இல் வந்த 'லிஸ்ட்வியூ' வார்ப்புருவுடன் பக்கம் பிரிக்கும் வசதியையும் தந்தது. இன்று பயன்படும் பிற வலைக் கருவிகளிலும் இதே கருத்துதான்.

செயல்பாடு (கணினி தேவையில்லை)

மூன்று மாணவர்கள் தலைப்பு, வரிசை, அடிப்பகுதி ஆகட்டும். 'வரிசை' மாணவரிடம் 'லாட் __: __ கிலோ, கிலோ __ ரூபாய்' என்ற தாளைக் கொடுங்கள். மற்றொருவர் கீழ்க்கண்ட மாதிரி அட்டைகளை ஒவ்வொன்றாக நீட்ட, அவர் நிரப்பி வாசிக்கட்டும்.

லாட் 1: 100 கிலோ, 2,000 ரூபாய்
லாட் 2: 50 கிலோ, 2,300 ரூபாய்
லாட் 3: 50 கிலோ, 2,600 ரூபாய்

அடுத்து, ஓர் அட்டையும் தராமல் நடத்துங்கள். தலைப்பும் அடிப்பகுதியும் மட்டும் ஒலிக்கும். இன்று ஏலம் இல்லையா, பக்கம் பழுதா? பார்ப்பவருக்குத் தெரியாது. இதற்காகவே லிஸ்ட்வியூ, கிரிட்வியூ இரண்டிலும் வெற்றுத் தரவுக்கெனத் தனி வார்ப்புரு உண்டு. அதில் 'இன்று ஏலம் இல்லை' என்று எழுதலாம். ரிப்பீட்டரில் அது இல்லை. நாமே நிரலில் சரிபார்த்துக் காட்ட வேண்டும்.

சராசரியில் கவனம்

அடிப்பகுதியில் சராசரி விலை வர வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் மூன்று விலைகளையும் கூட்டி மூன்றால் வகுத்து 2,300 என்பார்கள். அது சரியன்று. மொத்த மதிப்பு 4,45,000 ரூபாய். மொத்த எடை 200 கிலோ. எனவே சராசரி 2,225 ரூபாய். வேறுபாடு கிலோவுக்கு 75 ரூபாய். தவறான எண்ணை நம்பி 100 கிலோ காய்க்கு வரவு எதிர்பார்க்கும் சிறு விவசாயியின் கணக்கில் 7,500 ரூபாய் குறையும். பிள்ளையின் படிப்புச் செலவும் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கும். வார்ப்புரு நாம் சொன்னதை அப்படியே அடுக்கும்; சரியா என்று அது பார்க்காது. பார்க்க வேண்டியவர் எழுதியவரே.

நடுநிலை வகுப்புகளில் இப்பகுதியை மட்டும் கணக்குப் பாடத்தில் நடத்தலாம்.

மதிப்பீடு

1. 200 லாட்டுகள் வந்தால் வரிசை வார்ப்புருவை எத்தனை முறை எழுத வேண்டும்? அது எத்தனை முறை பயன்படும்?
2. விலை போகாத லாட்டின் விலையைச் சுழியம் என்று கொண்டால் சராசரி என்னவாகும்? வந்த எடை, விற்ற எடை என இரு கட்டங்கள் ஏன் தேவை?
3. உங்கள் ஊர்ப் பேருந்து நேரப் பட்டியலுக்கு மூன்று வார்ப்புருக்களையும் தாளில் எழுதுக.

இரண்டாம் வினாவை வீட்டில் பெற்றோரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். காய் விற்ற அனுபவம் உள்ளவர்கள் தரும் விடை நம் பாடத்தை நிறைவு செய்யும்.