கல்யாண மண்டபமும் காற்றும்

கேள்வி: டாக்டர், எங்கள் மகளுக்கு வருகிற தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஏசி மண்டபம்தான் வேண்டும் என்கிறார்கள். வரவேற்புக்கு ஐந்நூறு பேருக்குக் குறையாமல் வருவார்கள். என் மாமியாருக்கு 78 வயது. சர்க்கரையும் இளைப்பும் உண்டு. மழைக்காலம் ஆரம்பித்ததிலிருந்து தெருவில் வீட்டுக்கு ஒருவர் இருமுகிறார்கள். எனக்குப் பழைய பயம் திரும்பிவிட்டது. 2021 மே மாதம் என் அப்பா கொரோனாவில் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் முகத்தைக்கூடக் காட்டவில்லை. அஸ்தியை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று சொந்தக்காரர்களே தடுத்தார்கள். அந்தக் காலத்தில் பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினோம், காய்கறியை மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தோம், வாசலில் வேப்பிலை கட்டினோம். “அன்றைக்குச் செய்தது எல்லாமே வீண், இனிமேல் எதையும் பார்க்காதே” என்கிறார் என் வீட்டுக்காரர். உண்மையில் எது தேவைப்பட்டது, எது தேவைப்படவில்லை? கல்யாணத்துக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அப்பாவின் முகத்தை நாங்கள் பார்த்திருக்க முடியுமா?

— ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். பார்த்திருக்கலாம், அம்மா. மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச்சிலேயே இறந்தவர் உடலைக் கையாள்வது பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. உடல் வைத்த பையின் முகப்பகுதியைத் திறந்து உறவினருக்கு ஒரு முறை காட்டலாம் என்று அதில் இருக்கிறது. மந்திரம் ஓதலாம், தீர்த்தம் தெளிக்கலாம், உடலைத் தொடாத எந்தச் சடங்கும் செய்யலாம். குளிப்பாட்டுவதும் முத்தமிடுவதும் கட்டி அழுவதும்தான் கூடாது. அஸ்தியால் ஆபத்து எதுவும் இல்லை, எடுத்துக்கொள்ளலாம் என்றும் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். இரண்டாம் அலை வந்தபோது அந்தத் தாளுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் வயதாகியிருந்தது. ஆனால் அது பிணவறை வாசல்வரை வந்து சேரவில்லை. வேலைப்பளுவும் பயமும் சேர்ந்து, இருந்த விதியைவிடக் கடுமையான ஒரு விதியை அந்தந்த இடத்தில் அவரவரே உண்டாக்கிக்கொண்டார்கள்.

2020 ஜூனில் நம் புதுச்சேரியிலேயே, கவச உடை அணிந்த ஊழியர்கள் ஓர் உடலைக் குழிக்குள் உருட்டிவிட்ட காணொளி நாடு முழுக்கப் பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். விசாரணைக்கு உத்தரவிட்டார்கள். அந்த ஊழியர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த உடலிலிருந்து தங்களுக்கு என்ன ஆபத்து, எவ்வளவு ஆபத்து என்று யாரும் அவர்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்தக் கிருமி முக்கியமாக மூச்சிலும் பேச்சிலும் இருமலிலும் வெளியேறுகிறது. மூச்சு நின்றுபோன ஒருவர் அருகில் முகக்கவசம் போட்டுக்கொண்டு இரண்டு நிமிஷம் நிற்பதற்கு, அதே ஆஸ்பத்திரியின் கூட்டமான வரவேற்பறையில் பத்து நிமிஷம் நிற்பதைவிடப் பயப்படவேண்டியது குறைவு. உங்கள் வீட்டுக்கு நடந்தது உங்கள் தவறால் நடந்ததல்ல. அது மருத்துவத் தேவையும் அல்ல.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி, பாதி சரியில்லை. எந்தப் பாதி எது என்று பிரித்துக்கொள்ள, கிருமி எந்த வழியாக வந்தது என்பது தெரிந்தால் போதும்.

2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம், கொரோனா காற்றில் பரவும் நோய் அல்ல என்று அடித்துச் சொன்னது. பெரிய துளிகள்தான் காரணம், அவை ஆறடிக்குள் கீழே விழுந்துவிடும், விழுந்த இடத்தைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பது அப்போதைய கணக்கு. பால் பாக்கெட்டைக் கழுவியது, திருப்பூரில் தொடங்கிப் பல ஊர்களில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தது, தெருத்தெருவாகப் பிளீச்சிங் பவுடர் போட்டது எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை. மனிதர்கள்மேல் மருந்து தெளிக்காதீர்கள் என்று மத்திய அமைச்சகம் 2020 ஏப்ரலிலேயே சொல்ல வேண்டி வந்தது.

அதற்கு முன்பே வேறு சாட்சிகள் வரத் தொடங்கியிருந்தன. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு, மூடிய கூடத்தில் இரண்டரை மணி நேரம் பாட்டுப் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். கைகுலுக்கவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. 53 பேருக்கு நோய் வந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். சீனாவின் குவாங்சோவில் ஓர் உணவகத்தில், ஏசியின் காற்று போன திசையில் உட்கார்ந்திருந்த மூன்று குடும்பங்களில் பத்துப் பேருக்குத் தொற்றியது. ஜூலை மாதம் லிடியா மொராவ்ஸ்காவும் டொனால்டு மில்டனும் எழுதிய கடிதத்தில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, காற்றைக் கவனியுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். நுண்ணிய துளிகள் மூடிய அறையில் ஊதுபத்திப் புகை போலத் தங்கிச் சுற்றுகின்றன என்பதை உலக சுகாதார நிறுவனம் தெளிவாக ஒப்புக்கொள்ள 2021 ஆகிவிட்டது. ஒரு பொருளை ஒரு முறை தொட்டதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அதே 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொன்னது. ஆகவே பால் பாக்கெட்டையும் மஞ்சள் தண்ணீரையும் நீங்கள் மறந்துவிடலாம். கை கழுவுவதை மட்டும் விடாதீர்கள். கொரோனாவுக்காக இல்லாவிட்டாலும், பந்தி நடக்கிற இடத்தில் வயிற்றுப்போக்கைத் தடுக்க அது கட்டாயம்.

காற்றைப் பற்றிய இந்தப் பாடத்தை நம் ஊரே ஒரு நாள் நடத்திக் காட்டியது. 2020 ஜூலையில் பட்ஜெட் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தபோது ஓர் எம்.எல்.ஏ.வுக்குத் தொற்று உறுதியானது. சட்டமன்றக் கூடத்தை மூடிவிட்டார்கள். ஜூலை 25 அன்று பாரதி பூங்காவுக்கு எதிரே, சட்டமன்ற வளாகத்தில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அவையை நடத்தினார்கள். நாடெங்கும் அதை வேடிக்கைச் செய்தியாகப் போட்டார்கள். எனக்கு அது அந்த வருஷத்தில் எடுத்த சரியான முடிவுகளில் ஒன்றாகத் தெரிந்தது. கூடத்துக்கு மருந்து அடிக்கவேண்டும் என்பதற்காகத்தான் வெளியே வந்தார்கள். ஆனாலும் அவர்களைக் காத்தது மருந்தாக இருக்க முடியாது. தலைக்குமேல் கூரை இல்லாததுதான். பெரிய மார்க்கெட் காய்கறிக் கடைகளைப் புதிய பஸ் ஸ்டாண்டுக்கு மாற்றியதும் அதே வகையில் நல்ல காரியம். பெரிய மார்க்கெட்டின் சந்துகளில் ஒருவர் மூச்சு இன்னொருவர் தோளில் படும். சென்னை கோயம்பேட்டில் அப்படி இடம் மாற்றத் தாமதமானதால், 2020 மே 5 அன்று சந்தையை மூடுவதற்குள் கடலூர், விழுப்புரம், அரியலூர்வரை தொற்று போய்விட்டது.

எதிர்மாறாகச் செய்ததும் உண்டு. பீச் ரோட்டை அடைத்து வைத்தோம். கடற்காற்று அடிக்கிற அவ்வளவு பெரிய திறந்த வெளியில் தள்ளித் தள்ளி நடக்கிறவர்களுக்கு என்ன ஆபத்து? வயதானவர்களை மாதக்கணக்கில் அறைக்குள் உட்காரவைத்து, சர்க்கரையையும் முழங்கால் வலியையும் மனச்சோர்வையும்தான் கூட்டினோம். திறந்த வெளி என்றாலே எல்லாம் சரி என்றும் சொல்லமாட்டேன். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் தோளோடு தோள் இடித்து மணிக்கணக்கில் நிற்பது வேறு. புத்தாண்டு இரவில் பீச் ரோட்டுக் கூட்டம் கலைந்தபிறகு, அத்தனை பேரும் பஸ்ஸுக்குள்ளும் மதுக்கூடத்துக்குள்ளும் லாட்ஜ் அறைக்குள்ளும் போய் அடைவது வேறு.

கல்யாணத்துக்கு 50 பேர், சாவுக்கு 20 பேர் என்று கொரோனாக் காலத்தில் இருந்த விதியை எடுத்துக்கொள்ளுங்கள். எளிதாகச் சொல்லலாம், எளிதாகச் சோதிக்கலாம். அவசரக் காலத்தில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அது தலையை எண்ணியது, ஜன்னலை எண்ணவில்லை. கதவடைத்த ஏசி கூடத்தில் 50 பேர் மூன்று மணி நேரம் இருப்பதைவிட, நம் பழைய தமிழ் வீடுகளின் முற்றத்திலும் தாழ்வாரத்திலும் திண்ணையிலும் பரவி 100 பேர் இருப்பது பாதுகாப்பு. வைசியாள் வீதியில் மிச்சமிருக்கிற அந்த வீடுகளை ஒரு முறை போய்ப் பாருங்கள். நடுவில் வானம் தெரியும்.

தடுப்பூசியை “வீண்” என்ற பட்டியலில் உங்கள் வீட்டுக்காரர் சேர்த்திருந்தால், அதில் நான் அவரோடு சண்டைக்கே வருவேன். உங்கள் அப்பா போன 2021 மே மாதத்தில், 2011 கணக்கெடுப்பில் பன்னிரண்டு லட்சம் சொச்சம் மக்கள் இருந்த நம் பிரதேசத்தில் தினம் இரண்டாயிரத்தை ஒட்டித் தொற்று உறுதியானது. கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் ஜிப்மரிலும் ஆக்சிஜன் படுக்கைக்குக் குடும்பங்கள் காத்துக் கிடந்தன. அப்போது ஊசி போட்டவர்கள் குறைவு. 2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்தபோதும் எண்ணிக்கை அதே உயரத்துக்குப் போனது. ஆனால் சாவு அப்படி ஏறவில்லை. வந்த கிருமி கொஞ்சம் மென்மையானது என்பதும் ஒரு காரணம்தான். அதற்குள் பெரும்பாலோர் உடம்பில் ஊசியின் பலம் இருந்தது என்பது பெரிய காரணம். 2021 டிசம்பரில் பொது சுகாதாரச் சட்டத்தின்கீழ் ஊசியைக் கட்டாயமாக்கியது புதுச்சேரி. சட்டத்தைவிட, வீடுவீடாக வந்து கெஞ்சிய செவிலியர்களும் ஆஷா பணியாளர்களும் அதிகம் சாதித்தார்கள் என்பது என் எண்ணம்.

இனி கல்யாணம். கொரோனா உலக அவசரநிலை 2023 மே 5 அன்று முடிந்தது. கல்யாணத்தை நீங்கள் சுருக்கவேண்டியதில்லை, ஊரைக் கூட்டியே நடத்துங்கள். ஆனால் உங்கள் மாமியார் போன்றவர்களுக்குக் கொரோனாவும் இன்ஃபுளுயன்சாவும் இப்போதும் ஆஸ்பத்திரி வேலை வைக்கக்கூடியவை. 2023 மார்ச்சில் எச்3என்2 வகை இன்ஃபுளுயன்சாவுக்காக இங்கே எட்டாம் வகுப்புவரை பள்ளிகளையே மூடினார்கள்.

மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்பு பகலில் ஒரு முறை போய் ஜன்னல்களைத் திறக்கச் சொல்லுங்கள். பல மண்டபங்களில் கண்ணாடியை நிரந்தரமாக அடைத்து, மேலே திரைச்சீலை போட்டிருப்பார்கள். சுவரில் மாட்டும் ஏசி அறைக்குள் இருக்கிற காற்றையேதான் குளிர்வித்துத் திருப்பி விடுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. ஆகவே எதிரெதிர்ச் சுவர்களில் திறக்கிற ஜன்னலும், சாப்பாட்டுக் கூடத்தில் ஓடுகிற எக்ஸாஸ்ட் ஃபேனும் இருக்கிற மண்டபமாகப் பாருங்கள். தை மாதத்தில் மழை ஓய்ந்திருக்கும், சாயங்காலம் இதமாக இருக்கும். ஏசி போட்டே ஆகவேண்டும் என்று சம்பந்தி வீட்டார் சொன்னால், போட்டுக்கொண்டே இரண்டு பக்கக் கதவையும் திறந்து வைக்கச் சொல்லுங்கள். கரண்ட் பில் கொஞ்சம் ஏறும். கொசு வரும் என்பார்கள். பெரிய மின்விசிறிகள் கொசுவையும் விரட்டும், காற்றையும் தள்ளும். கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவி கிடைத்தால் கூடத்தில் வைத்துப் பாருங்கள். வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்கு அளவுக்கு அது இருக்கும். கூட்டம் சேர்ந்தபிறகும் 800 பக்கம் நின்றால் நல்ல காற்றோட்டம். இரண்டாயிரம் காட்டினால் எல்லோரும் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னிசைக் கச்சேரி வைத்தால் ஒலிபெருக்கியைக் குறைக்கச் சொல்லுங்கள். சத்தம் அதிகமானால் காதருகே வாய் வைத்துக் கத்திப் பேசுவோம். குரல் உயர உயர வாயிலிருந்து வரும் நுண்துளிகளும் பெருகும். பந்தியில் அடுத்த வரிசைக்காக, சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நின்று காத்திருக்கிற வழக்கத்தையும் இந்த ஒரு கல்யாணத்திலாவது நிறுத்திப் பாருங்கள். வாசலில் நாற்காலி போட்டால் உட்காருவார்கள்.

“காய்ச்சல், இருமல் இருப்பவர்கள் வீட்டிலிருந்தே வாழ்த்துங்கள், நாங்கள் வந்து பார்க்கிறோம்” என்று வாட்ஸ்அப் அழைப்பில் சேர்த்துவிடுங்கள். வரவில்லையே என்று பின்னால் முகத்தைத் தூக்கிக்கொள்ளாமல் இருப்பது உங்கள் வீட்டார் பொறுப்பு.

மாமியாரை மேடை ஓரத்தில் புகைப்பட வரிசைக்கு நடுவே உட்காரவைக்காதீர்கள். திறந்த ஜன்னல் பக்கம் அவருக்கு ஒரு நல்ல நாற்காலி போடுங்கள். ஆசீர்வாதம் வாங்குகிறவர்கள் அங்கே வரட்டும். கூட்டம் நெருங்குகிற நேரத்துக்கு மட்டும் என்-95 கவசம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தாலி கட்டும்போதும் சாப்பிடும்போதும் கழற்றிக்கொள்ளட்டும். இளைப்புக்கான இன்ஹேலர் கைப்பையில் இருக்கவேண்டும். இன்ஃபுளுயன்சா தடுப்பூசி வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் பிடிக்கும். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே அவரை அவருடைய டாக்டரிடம் கூட்டிப்போய், அதையும் நிமோனியா ஊசியையும் பற்றிக் கேட்டுவிடுங்கள்.