வடிவமைப்பு விரிவுரையாளராக: கொட்டகலைப் பிள்ளைகளுக்கு ஒரு வழி

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. இருந்தும் சனங்கள் அங்கேயேதான் இருந்தார்கள். ஏன்? காணி யாருடையது, எழும்பிப் போனால் வேலை எங்கே, அந்த எச்சரிக்கையை லயத்து வாசலில் நின்று சொல்ல வேண்டியவர் யார்? இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கிற படிப்புக்குத்தான் முறைமை வடிவமைப்பு, தொடர்பாடல் வடிவமைப்பு என்றெல்லாம் பெயர். அதைப் படிக்கவும் படிப்பிக்கவும் மலையகத்துப் பிள்ளைகள் வர வேண்டும்.

முதல் வேலையை இன்றைக்கே தொடங்கலாம். பெரிய தாள் ஒன்றை எடுத்து, அம்மா பறிக்கிற கொழுந்தின் பின்னால் போங்கள். மலையில் நிறுக்கிற இடம், சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிற கிலோ, செக்ரோல் என்கிற வேலைப் பதிவேடு, சம்பளச் சீட்டு, ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலை. ஏறக்குறைய நாலரை கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. ஒவ்வோர் இடத்திலும் யார் முடிவெடுக்கிறார், என்ன எழுதுகிறார், எந்த மொழியில் எழுதுகிறார், அம்மாவால் அதை வாசிக்க முடிகிறதா என்று குறியுங்கள். ஒஸ்லோ கட்டடக்கலை, வடிவமைப்புக் கல்லூரியில் படிப்பித்த பிர்கர் செவால்ட்சன் இப்படிப்பட்ட பெரும் வரைபடங்களையே 'கிகாமேப்' என்கிறார். அடித்துத் திருத்திய தாள்களையும் எறியாதீர்கள். நீங்கள் எப்படி யோசித்தீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.

அடுத்தது பட்டம். மொறட்டுவைப் பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் பீடத்தில் வடிவமைப்புப் பட்டம் இருக்கிறது. அதற்கு இசட் புள்ளி மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையும் எழுத வேண்டும். தகைமைகளையும் திகதிகளையும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்தந்த ஆண்டுக் கைநூலில் பாருங்கள். போன வருடத்துக் கதையை நம்பாதீர்கள். படிப்பு ஆங்கிலத்தில். ஏ.எல். முடிந்து முடிவு வரும்வரை உள்ள மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடுங்கள். மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ கட்புலக் கலை படித்தும் இந்தத் துறைக்கு வரலாம்.

விரிவுரையாளர் பதவிக்கு முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ கேட்பார்கள். முதலாம் வருடத்திலிருந்தே இது மனதில் இருக்கட்டும். பலர் தற்காலிக விரிவுரையாளராகத்தான் நுழைகிறார்கள். மேற்படிப்புக்கு அகமதாபாத்தில் 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனமும், மும்பை ஐ.ஐ.டி.யில் 1969இல் தொடங்கிய வடிவமைப்புப் பள்ளியும் உண்டு. இந்திய உயர் ஸ்தானிகராலயம் அறிவிக்கும் புலமைப்பரிசில்களைக் கவனியுங்கள். கலாநிதிப் பட்டத்துக்குத் தலைப்பு தேடித் தூரம் போக வேண்டாம். முதல் நாள் வரைந்த தாளை எடுத்துப் பாருங்கள், அதில் விடை கிடைக்காத கேள்வி ஒன்று கட்டாயம் இருக்கும்.

கடைசியாக, சின்ன விசயம் என்று விடக்கூடாத ஒன்று. லயத்துக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போய்த்தான் வருகிறது. நேர்முகத் தேர்வு முடிந்தபின் கடிதம் கைக்கு வந்த பிள்ளைகள் உண்டு. விண்ணப்பத்தில் கொட்டகலை டவுனில் நம்பிக்கையான ஒருவரின் முகவரியை எழுதுங்கள்.