குரலே கண்ணாக

1975 மார்ச் 15. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டியின் இறுதியாட்டம். இந்தியாவும் பாகிஸ்தானும் களத்தில் இருந்தன. அரங்கில் இருந்தவர்கள் பந்தைக் கண்ணால் கண்டனர். இந்தியாவில் இருந்த கோடிக்கணக்கான மக்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அந்நாட்டில் அப்போது சில நகரங்களில் மட்டுமே தொலைக்காட்சி ஒளிபரப்பு இருந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்டதே அவ்வாண்டு ஆகஸ்டு 15ஆம் நாள்தான். ஆகவே, மக்கள் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்தனர். அவர்களுக்குக் கண்ணாக விளங்கியது ஒருவரின் குரல். அவர்தாம் ஜஸ்தேவ் சிங்.

ஜஸ்தேவ் சிங் 1931இல் ராஜஸ்தான் மாநிலத்தில் பிறந்தார். 1948 ஜனவரி 31ஆம் நாள் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தை அனைத்திந்திய வானொலியில் மெல்வில் டி மெல்லோ ஆங்கிலத்தில் வருணித்தார். ஏறக்குறைய ஏழு மணி நேரம் நீடித்த அவ்வருணனை, இளைஞரான ஜஸ்தேவின் உள்ளத்தை உலுக்கியது. தாமும் வருணனையாளர் ஆவேன், அதுவும் இந்தி மொழியில் வருணிப்பேன் என்று தம் தாயிடம் கூறினார். அவர் பள்ளியில் பயின்றதோ உருது மொழியில்!

எண்ணம் உடனே கைகூடவில்லை. 1950இல் வானொலி நிலையத்தின் குரல் தேர்வில் அவர் தேர்ச்சி பெறவில்லை. இருப்பினும், அவர் மனந்தளரவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1955இல், ஜெய்ப்பூர் வானொலி நிலையத்தில் அறிவிப்பாளராகச் சேர்ந்தார். 1963இல் டில்லிக்குச் சென்றார். செங்கோட்டையில் நடைபெறும் சுதந்திர தின விழாவையும் குடியரசு தின அணிவகுப்பையும் பல்லாண்டுகள் மக்களுக்கு வருணித்தார். எனினும், அவரது பெயரை நிலைநாட்டியது ஹாக்கியே.

ஹாக்கியை வானொலியில் வருணிப்பது எளிதன்று. கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையே மூச்சு விட நேரம் உண்டு. ஹாக்கியில் அது கிடையாது. ஏறக்குறைய 91 மீட்டர் நீளமுள்ள திடலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பந்து சில நொடிகளில் போய்விடும். பந்து யாரிடம் உள்ளது, எந்தப் பக்கம் செல்கிறது, கோல் எண்ணிக்கை என்ன, எஞ்சிய நேரம் எவ்வளவு என்பவற்றை வருணனையாளர் இடைவிடாது சொல்ல வேண்டும். வாக்கியம் நீண்டுவிட்டால் ஆட்டம் அவரை முந்திவிடும். அவர் சொல்லாமல் விட்டது, கேட்பவரைப் பொறுத்தவரை நடக்காததற்குச் சமம்.

அந்தப் போட்டியில் நம் நாடும் வரலாறு படைத்தது. மலேசியா அரையிறுதி வரை முன்னேறியது. இந்தியாவுக்கு எதிரான அவ்வாட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது மலேசியா 2-1 என முன்னணி வகித்தது. அந்நேரம் மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கிய அஸ்லாம் ஷேர் கான், பெனால்டி கார்னர் வாய்ப்பில் கோல் அடித்துச் சமப்படுத்தினார். கூடுதல் நேரத்தில் இந்தியா 3-2 என வென்றது. மலேசியர்களுக்கு அது கண்ணீர். வானொலியருகே காத்திருந்த இந்தியர்களுக்கு அது களிப்பு.

இறுதியாட்டத்தில் முதலில் கோல் அடித்தது பாகிஸ்தான். பிற்பாதியில் சுர்ஜித் சிங் ஆட்டத்தைச் சமநிலைக்குக் கொண்டு வந்தார். பின்னர், தியான் சந்தின் மகனான அசோக் குமார் அடித்த பந்து கோல் கம்பத்தின் மூலையில் பட்டு வெளியே திரும்பியது. பந்து உள்ளே சென்றதா, இல்லையா? பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மறுத்து வாதிட்டனர். நடுவராக இருந்த மலேசியர் ஜி. விஜயநாதன் அதைக் கோல் என்று உறுதிசெய்தார். இந்தியா 2-1 என வென்று உலகக் கிண்ணத்தை முதன்முறையாகக் கைப்பற்றியது. தமிழ்நாட்டைச் சேர்ந்த வி. ஜே. பிலிப்ஸும் அவ்வணியில் இடம்பெற்றிருந்தார்.

இத்தகைய நொடிகளில்தான் வருணனையாளரின் நேர்மை சோதிக்கப்படுகிறது. அரங்கில் இருப்பவர் தாமே பார்த்து முடிவு செய்யலாம். வானொலியைக் கேட்பவருக்கோ சரிபார்க்க வழியில்லை. அவர் குரலை நம்பியே மகிழ்கிறார், வருந்துகிறார். ஆகவே, தம் நாட்டு அணியின்மீது எவ்வளவு பற்று இருந்தாலும், நடக்காததை நடந்ததாகச் சொல்ல வருணனையாளருக்கு உரிமை இல்லை.

ஜஸ்தேவ் சிங் ஒன்பது ஒலிம்பிக் போட்டிகளையும் எட்டு உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டிகளையும் ஆறு ஆசிய விளையாட்டுப் போட்டிகளையும் வருணித்தார். 1985இல் பத்மஸ்ரீ விருதும் 2008இல் பத்மபூஷண் விருதும் பெற்றார். 1988இல் ஒலிம்பிக் இயக்கத்தின் உயரிய விருதான ஒலிம்பிக் ஆர்டர் அவருக்கு வழங்கப்பட்டது. தமது தன்வரலாற்று நூலுக்கு ‘நான் ஜஸ்தேவ் சிங் பேசுகிறேன்’ என்னும் பொருளில் இந்தியில் பெயரிட்டார். 2018 செப்டம்பர் 25ஆம் நாள், தமது 87ஆம் வயதில், அவர் மறைந்தார்.

விளையாட்டுக்கு மட்டையும் பந்தும் மட்டும் போதா. அதை எடுத்துச் சொல்ல ஒரு மொழியும் வேண்டும். புக்கிட் செலம்பாவ் பள்ளித் திடலில் நடக்கும் ஓட்டப்பந்தயமாக இருந்தாலும், கோலாலம்பூரில் நடக்கும் இறுதியாட்டமாக இருந்தாலும், கண்டதைக் கண்டவாறு விரைந்து சொல்லத் தமிழிலும் சொற்கள் உள்ளன. ‘பாய்ந்தார்’, ‘மறித்தார்’, ‘தட்டிப் பறித்தார்’, ‘நழுவவிட்டார்’ என நம் வினைச்சொற்களே பந்தின் வேகத்துக்கு ஈடு கொடுக்கும். அடுத்த முறை திடலோரம் நிற்கும்போது, கண்ணை மூடியிருக்கும் நண்பருக்கு ஒரு நிமிடம் ஆட்டத்தை வருணித்துப் பாருங்கள். அவர் எங்கே கைதட்டுகிறார் என்பதைக் கவனித்தால் உங்கள் சொற்களின் ஆற்றல் புரியும்.

கருத்துணர் கேள்விகள்

1. ஜஸ்தேவ் சிங் வருணனையாளராக வேண்டும் என்று விரும்பியதற்கான காரணம் யாது?
2. ஹாக்கியை வானொலியில் வருணிப்பது ஏன் எளிதன்று?
3. ‘அவர் சொல்லாமல் விட்டது, கேட்பவரைப் பொறுத்தவரை நடக்காததற்குச் சமம்.’ இக்கூற்றை விளக்குக.
4. நேரலைக் காட்சிகள் கைப்பேசியிலேயே கிடைக்கும் இக்காலத்திலும் வருணனையாளர் தேவையா? உமது கருத்தை எழுதுக.