பளபளக்கும் அம்பாசிடரில் துரு: எங்கே தேடுவது, எப்படி நிறுத்துவது

ஷெட்டில்தான் நிற்கிறது, வாரம் தவறாமல் கழுவுகிறோம், மெழுகு போட்டுத் துடைக்கிறோம். அப்படியிருந்தும் பின்கதவின் அடியோரம் பெயிண்ட் கொப்புளமாக எழும்புகிறது. கட்டைவிரலால் அழுத்தினால் அப்பளமாக நொறுங்கி, செம்பழுப்புப் பொடி ஈரத்தோடு கொட்டுகிறது. கடலூர், சிதம்பரம் பக்கம் பழைய வண்டி வைத்திருக்கும் பலருக்கும் இது தெரிந்த கதைதான்.

பேணி வைத்த வண்டியில் துரு பெரும்பாலும் தகட்டின் உள்பக்கத்தில் தொடங்குகிறது. இரும்பைவிடத் துருவுக்குப் பல மடங்கு இடம் வேண்டும். அதனால்தான் உள்ளே ஊறியது பெயிண்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறது. கொப்புளம் கண்ணில் படும்போது வேலை பாதி முடிந்திருக்கும். ஆகவே நீர் வந்த வழியை முதலில் அடைத்துவிட்டுத் தகட்டில் கை வையுங்கள். வழியை விட்டுவிட்டுப் பட்டி போட்டால், அடுத்த ஐப்பசி அடைமழைக்குப் பின் அதே இடம் மறுபடி எழும்பும்.

இந்த ஊர்களில் ஏன் அதிகம்?

தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர்ப் பக்கம் காற்றே உப்பைச் சுமந்து வருகிறது. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கும். மழையே இல்லாத இரவிலும் தகட்டில் ஈரம் இருப்பது இதனால்தான். சிதம்பரம் கடலிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. அங்கே தொல்லை வண்டல் சேறு. மட்கார்டின் உள்மடிப்பில் ஒட்டிய சேறு, மேலே காய்ந்தும் உள்ளே நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

நம் கவனிப்பும் சில நேரம் துருவுக்குத் துணை போகிறது. உவர்ப்பான போர்த் தண்ணீரில் கழுவுவது, ஈரம் காயுமுன் பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது, மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவது, மூன்றையும் விட்டுவிடுங்கள்.

படி 1: உள்விரிப்பைக் கழற்றுங்கள்

சீட்டையும் கால்விரிப்பையும் எடுத்து, அடியில் இருக்கும் சணல் மெத்தையைக் கையால் பிழிந்து பாருங்கள். ஈரமோ புழுங்கல் வாடையோ இருந்தால் தளத்தகட்டில் துரு இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் இடத்தையும், பேட்டரித் தட்டையும் பாருங்கள்.

வண்டியைப் புதிதாக வாங்கியிருந்தால் இன்னொன்றும் உண்டு. 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என்று இம்மாவட்டம் பல முறை நீரில் நின்றிருக்கிறது. சீட்டுச் சட்டத்தின் அடியிலும் கதவின் உட்கூட்டிலும் மெல்லிய வண்டல் படிந்திருந்தால், அந்த வண்டியும் நின்றிருக்கிறது என்று பொருள்.

படி 2: நீர்வழியைக் கண்டுபிடியுங்கள்

ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். மற்றவர் வெளியிலிருந்து குழாய்த் தண்ணீரை மெதுவாக விட வேண்டும். கீழிருந்து தொடங்கி மேலே போங்கள்: முதலில் கதவின் அடி, பிறகு கதவுக் கண்ணாடி ரப்பர், கடைசியில் முன்கண்ணாடி பீடிங். மேலிருந்து தொடங்கினால் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாது.

கதவின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். மண்ணோ பழைய பெயிண்டோ அடைத்திருந்தால் ஈர்க்குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். பல வண்டிகளில் கதவு இற்றுப்போக இது ஒன்றே காரணம்.

படி 3: தட்டியும் காந்தம் வைத்தும் பாருங்கள்

ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ரன்னிங் போர்டு, தளத்தகடு, ஜாக்கி வைக்கும் இடம் ஆகியவற்றைத் தட்டுங்கள். நல்ல தகடு ‘ணங்’ என்று ஒலிக்கும். இற்றது மொத்தென்று இருக்கும். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, பெயிண்ட் மேல் நகர்த்துங்கள். ஒட்டாமல் வழுக்கும் இடத்தில், முன்பு யாரோ கனமாகப் பட்டி போட்டு மறைத்திருக்கிறார்கள்.

படி 4: துருவைத் தரம் பிரியுங்கள்

தேய்த்தால் போகும் மேல்துரு, குழி விழுந்த துரு, ஓட்டை என மூன்று தரம். முதல் இரண்டையும் வீட்டிலேயே பார்க்கலாம். மூன்றாவது டிங்கர் பட்டறைக்குரிய வேலை.

படி 5: மேல்துருவும் குழித்துருவும்

கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் உதிரக்கூடியதை எல்லாம் உதிர்த்துவிடுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். குழிக்குள் உப்பு தங்கினால் மேலே எதைப் பூசினாலும் நிற்காது. நல்ல வெயிலில் காய்ந்தபின் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைப் பூசுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். இந்த அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். டப்பாவில் சொன்ன நேரம் கழிந்ததும் எபாக்சி பிரைமர், அதன்மேல் மெல்லிய பட்டி, பிறகு பெயிண்ட். வெறும் தகட்டின் மேலோ துருவின் மேலோ நேரே பட்டி போடாதீர்கள். பட்டி நீரை உறிஞ்சும்.

படி 6: ஓட்டை விழுந்திருந்தால்

உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசிடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடற்கூடே பாரத்தைத் தாங்குகிறது. ரன்னிங் போர்டு இற்றால் வண்டியின் முதுகெலும்பே தளர்கிறது. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் சேசிஸ் தனி. அதில் உடற்கூட்டைத் தாங்கும் பக்கக் கைகளைத் தவறாமல் பாருங்கள்.

பட்டறைக்காரரிடம் மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். இற்ற தகட்டின் மேலேயே புதுத் தகட்டை ஒட்ட வேண்டாம். நல்ல இரும்பு வரும் வரை வெட்டிவிட்டு இணைக்கட்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றட்டும். ரன்னிங் போர்டை வெட்டும் முன் கதவு இடைவெளியை அளந்து, கதவுச் சட்டத்துக்குக் குறுக்குக் கம்பி கொடுக்கட்டும். இல்லாவிட்டால் கூடு தொய்ந்து, கதவு பிறகு மூடாது.

சேசிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் படக்கூடாது. தனியார் வண்டிப் பதிவை 15 ஆண்டுக்குப் பின் 5 ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கும்போது அந்த எண்ணைப் பார்ப்பார்கள். 2021 விதிப்படி 50 ஆண்டு கடந்த வண்டியை வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். அதற்கு மூல வடிவம் மாறாதிருக்க வேண்டும். வெட்டும் முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள்.

படி 7: உட்கூட்டுக்குக் காப்பு

ரன்னிங் போர்டு, கதவு போன்ற மூடிய கூடுகளுக்குள் நீள்குழாய் ஸ்ப்ரே மூலம் மெழுகுக் காப்பு அடிக்க வேண்டும். முழுதும் காய்ந்த பிறகே அடியுங்கள். ஈரத்தின் மேல் அடித்தால் ஈரத்தையே பூட்டி வைத்ததாகும். அடித்து முடித்ததும் வடிதுளைகளை மறுபடி திறந்துவிடுங்கள். அடிப்பாகத்துக்கு அண்டர்கோட்டிங் அடிப்பதற்கும் இதே விதிதான்.

எப்போது செய்வது?

மார்கழி ஆருத்ரா தரிசனம் முடிந்து, பொங்கலும் கழிந்தால் வானம் தெளியும். தை பிறந்ததும் விரிப்பைக் கழற்றிச் சோதியுங்கள். வெட்டு, வெல்டிங், பெயிண்ட் வேலைகளை மாசி, பங்குனியில் முடித்துவிடுங்கள். புரட்டாசியில் பீடிங்கையும் வடிதுளைகளையும் மறுபடி பாருங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது வண்டியை ஓட்டி, காற்றுப் புகும் பருத்தி உறை போட்டு நிறுத்தினால், அடுத்த தையில் வேலை வெறும் சோதனையோடு முடிந்துவிடும்.