ஸ்பூனைத் திருப்பிப் பாருங்க!

பழைய வெள்ளி முலாம் ஸ்பூன், ஃபோர்க் சேகரிக்க ஆசையா? விலை கேட்கும் முன் காம்பின் பின்பக்க முத்திரையைப் படியுங்கள்.

'ஈ.பி.என்.எஸ்.' என்றிருந்தால், நிக்கல் சில்வர் மேல் மின்முலாம் பூசியது. நிக்கல் சில்வர்ல 'சில்வர்' பேர்ல மட்டும்தான். உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம். 1840-இல் பர்மிங்காமின் எல்கிங்டன் காப்புரிமை பெற்ற முறை இது. நாம படிச்ச மின்னாற்பகுப்புதான்: ஸ்பூன் கேத்தோடு, வெள்ளி ஆனோடு.

'925' அல்லது இங்கிலாந்தின் நடக்கும் சிங்கம் முத்திரை இருந்தால் ஸ்டெர்லிங், 92.5% வெள்ளி. '1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்' என்பது அமெரிக்க முலாம் பிராண்டு. 1847-ல செஞ்சதுன்னு நம்பிக் காசை விட்டுடாதீங்க!

அடுத்து, தேய்மானம். மேஜையில் படும் ஸ்பூனின் அடிப்பகுதி, ஃபோர்க்கின் முனைகள் முதலில் தேயும். அங்கே வேறு நிறம் எட்டிப் பார்த்தால் முலாம் போயாச்சு.

கறுத்திருந்தால் பயம் வேண்டாம். அது சில்வர் சல்ஃபைடு. பாலிஷ் போட்டுத் தேய்த்தால் மைக்ரான் கணக்கிலுள்ள வெள்ளியும் கூடவே போகும். பாத்திரத்தில் அலுமினியத் தாள் விரித்து, வெந்நீரும் சமையல் சோடாவும் சேர்த்து, தாளைத் தொடும்படி ஸ்பூனை வையுங்கள். கந்தகம் அலுமினியத்துக்குப் போகும். வெள்ளி ஸ்பூனிலேயே தங்கும். கைப்பிடி ஒட்டிய கத்திகளை மட்டும் ஊறப் போடாதீங்க, ஒட்டு விட்டுடும்.