சாம்பல் தொட்ட விரல்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களை இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். கடற்கரைச் சாலை, மஞ்சள் சுவர், அதன்மேல் படர்ந்த காகிதப்பூக் கொடி, சைக்கிளில் போகும் ஒருவர். வெளிச்சமும் சரி, சட்டகமும் சரி. ஆனால் அந்தச் சுவருக்கு எதிரே தினமும் எத்தனையோ பேர் செல்போனோடு நிற்கிறார்கள். அவர்களுக்கும் கிடைக்கிற படம்தான் அது. முத்தியால்பேட்டையிலிருந்து வந்தது ஒன்றே ஒன்று: உன் தாத்தா பாவு பிணைக்கிற படம். கொஞ்சம் ஆடியிருக்கிறது. எனக்கு அதுதான் பிடித்தது.

அதிலும் அவர் முகம்தான் இருக்கிறது, வேலை இல்லை. தறியில் நெடுக்காக ஓடும் பழைய பாவு தீரும்போது அதன் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழை ஒன்றைச் சேர்த்து முறுக்க வேண்டும். ஒரு சேலைப் பாவில் ஆயிரக்கணக்கில் இழை. விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு உருட்டு உருட்டும். முடிச்சே இல்லாமல் இரண்டு நூல் ஒன்றாகிவிடும். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குப் பெரியவர் ஒருவர் நூலைத் தடவிக்கொண்டிருப்பது போலத்தான் தெரியும். நீயே உட்கார்ந்து ஐம்பது இழை பிணைத்துப் பார். இருபதாவதில் கழுத்து வலிக்கும். அவர் ஏன் ஜன்னல் பக்கமாகவே உட்காருகிறார், எந்த நொடியில் மூச்சை அடக்குகிறார் என்பதெல்லாம் அப்போது விளங்கும். கேமராவை எந்த உயரத்துக்கு இறக்க வேண்டும் என்று நான் சொல்லவே வேண்டாம், உன் இடுப்பு சொல்லிவிடும்.

செய்து பார்த்தவன் கண்ணுக்கே வேலை தெரியும் என்பது என் சொந்தக் கற்பனை இல்லை. பரோடாவின் ஜோதி பட் ஓவியர், அச்சுக்கலைஞர். 1967இல் குஜராத் நாட்டுப்புறக் கலைகளைப் பற்றிய ஒரு கருத்தரங்குக்காகப் படம் எடுக்கக் கிளம்பியவர், பிறகு பல ஆண்டுகள் ஊர் ஊராகப் போய், சுவர்ச் சித்திரங்களையும் தரைக் கோலங்களையும், அவற்றை வரையும் பெண்களையும் படமெடுத்தார். கோடு இழுத்துப் பழகிய கை அவருடையது. ஒரு கோலம் எங்கே தொடங்குகிறது என்று அந்தக் கண்ணுக்குத் தெரியாதா? 1950 ஏப்ரலில் நம் புதுச்சேரிக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுத்த ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோனும் முதலில் ஓவியம் பயின்றவர்தான். வயதான பிறகு பென்சிலுக்கே திரும்பிப் போனார்.

இன்னொன்றும் செய்து பார்க்கச் சொல்வேன், அது நம் ஊர் நீலத்திலிருந்து தொடங்குகிறது. புதுச்சேரியிலிருந்து அவுரிச் சாயம் தோய்த்த ‘கினே’ என்னும் நீலத் துணி கப்பலேறி செனகல் வரை போனது. அங்கே கோந்து வியாபாரத்தில் அது பணமாகவே புழங்கியது. அவுரித் தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும், காற்றுப் பட்டுத்தான் நீலமாகும். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப் என்னும் நீல அச்சு முறையிலும் இதே போன்ற அதிசயம் உண்டு. ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு, இரண்டின் கரைசலையும் கலந்து, மங்கிய வெளிச்சத்தில் தாளில் பூசி உலர்த்து. அரவிந்தர் ஆசிரமத்தார் செய்யும் கைக்காகிதம் நம் ஊரிலேயே கிடைக்கிறது. மேலே தாத்தாவின் நூலைப் பரப்பிக் கண்ணாடியால் அழுத்தி, மொட்டைமாடி வெயிலில் வை. வெயில் பட்ட இடத்தில் இரும்பு உப்பு மாறி, தண்ணீரில் அலசும்போது நீலம் எழும்பும். நூல் மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். முதல் தடவை நான் பொறுமையில்லாமல் சீக்கிரமே எடுத்துவிட்டேன். படம் முழுக்கக் கரைந்து ஓடி, கையில் வெறும் தாள் மிஞ்சியது. அன்று ஒரு மணி நேரம் வாளிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் ஒரு பொருள்மேல் எவ்வளவு நேரம் விழ வேண்டும் என்று கேமராவில் எண்ணாகப் பார்த்ததை அன்றுதான் உடம்பால் தெரிந்துகொண்டேன். தண்ணீரில் காரம் இருந்தால் நீலம் வெளுத்துப்போகும், அலசும் முதல் தண்ணீரில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டுக்கொள்.

இப்படிக் கையால் செய்து அறியும் ஆசை உனக்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஆடிப்போன அந்தப் படத்தை நீக்காமல் அனுப்பினாயே, அதிலேயே தெரிந்தது.

அடுத்த கடிதத்தில் படம் வேண்டாம். நீ பிணைத்ததில் எத்தனை இழை அறுந்தது, அதைப் பார்த்துத் தாத்தா என்ன சொன்னார், அதை மட்டும் எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்