மூணு சேனலும் சேர்ந்து பொய் சொன்னா?

ஈ.எம்.ஐ., ஈ.எம்.சி. எலெக்டிவ் பேப்பரை நம்மில் பெரும்பாலானவங்க எடுக்கிற காரணம் ஒண்ணுதான்: "தியரி பேப்பர், ஸ்கோர் பண்ணிடலாம்." ஷீல்டிங், கிரவுண்டிங், ஃபில்டரிங். 13 மார்க் கேள்விக்கு மூணு படம் போட்டா முடிஞ்சது. ஆனா இதே பேப்பர் பாதுகாப்பு விஷயமா மாறுற இடம் நமக்குப் பக்கத்துலயே இருக்கு. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம், அங்கிருந்து மரக்காணம், அப்புறம் ஈ.சி.ஆர்.ல வடக்கே திரும்பி கடப்பாக்கம், கூவத்தூர் தாண்டினா கல்பாக்கம். 1980-களில் ஓட ஆரம்பிச்ச சென்னை அணுமின் நிலையத்தின் 220 மெகாவாட் உலைகள் ரெண்டு, 1985-இல் முதல்முறை கிரிட்டிகல் ஆன எஃப்.பி.டி.ஆர். என்ற சோதனை உலை, 500 மெகாவாட் வேக ஈனுலை (பி.எஃப்.பி.ஆர்.) எல்லாம் அங்கேதான்.

ஈ.எம்.சி. என்றால் ரெண்டு பக்க ஒப்பந்தம். ஒரு கருவி பக்கத்தில் இருக்கிற கருவிகளைத் தொந்தரவு பண்ணக் கூடாது. பக்கத்தில் இருப்பவை பண்ணுற தொந்தரவையும் அது தாங்கணும். பழைய 2ஜி மொபைலை ஸ்பீக்கர் பக்கத்தில் வெச்சா கால் வர்றதுக்கு முன்னாடியே "டிர்ர்ர்" என்று ஒரு சத்தம் வருமே, அது ஞாபகம் இருக்கா? போன் வினாடிக்கு 217 முறை சிக்னலை விட்டு விட்டு அனுப்பும். ஸ்பீக்கருக்குள் இருக்கிற ஆம்ப்ளிஃபயர் அதை ஆடியோ என்று நினைச்சு பெருக்கிக் காட்டும். ஸ்பீக்கர்ல அது வெறும் எரிச்சல். அந்த ஆம்ப்ளிஃபயர் உலையின் நியூட்ரான் டிடெக்டரோட இணைஞ்சிருந்தா?

முதல்ல உலையை நிறுத்துற ஏற்பாடு எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துடுவோம். பி.எஃப்.பி.ஆர்.ல நிறுத்தும் அமைப்பு ரெண்டு, தனித்தனியா. ஒன்றில் 9 தண்டுகள், இன்னொன்றில் 3 தண்டுகள். தண்டுகளை மின்காந்தம் பிடிச்சு வெச்சிருக்கும். அந்தக் காயிலுக்குப் போற கரண்ட் நின்னா தண்டு புவியீர்ப்பில் தானா உலைக்குள்ளே விழும், உலை நிற்கும். கரண்ட் போயிட்டாலும் பாதுகாப்பான பக்கமே சாயும் என்பதால் இதை ஃபெயில்-சேஃப் என்கிறோம். வெப்பநிலை, நியூட்ரான் எண்ணிக்கை மாதிரி முக்கியமான அளவுகளுக்கு மூணு சேனல் இருக்கும். மூணில் ரெண்டு "ஆபத்து" என்று சொன்னாத்தான் ட்ரிப். ஒரு சென்சார் கெட்டுப்போய் உளறினாலும் உலை நிற்காது, ஒரு சென்சார் செத்துப்போனாலும் பாதுகாப்பு போகாது. கேட்கவே அழகா இருக்கு இல்லையா?

இந்த அழகு ஒரு அனுமானத்தின் மேல நிக்குது. மூணு சேனலும் தனித்தனியா, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாமத்தான் கெடும் என்பதுதான் அந்த அனுமானம். ஒரு சேனல் கெடும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று வெச்சுக்கோங்க. குறிப்பிட்ட ரெண்டு சேனல் ஒரே நேரத்தில் கெடும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்று பெருக்கிப் போடுவோம். ரேடியோ அலைக்கு இந்தப் பெருக்கல் தெரியாது. மூணு பேனலுக்கு நடுவுல நின்னுக்கிட்டு ஒருத்தர் வாக்கி-டாக்கி பட்டனை அழுத்தினா, மூணு சேனலும் அதே டிசைன், அதே கேபிள், அதே ஐ.சி. என்பதால் மூணும் ஒரே மாதிரி, ஒரே நொடியில் ஏமாறும். ஓட்டெடுப்பு சரியா நடக்கும், ஆனா ஓட்டு போட்ட மூணு பேரும் ஒரே பொய்யைச் சொல்லியிருப்பாங்க. ஆங்கிலத்தில் காமன் காஸ் ஃபெயிலியர் என்பது இதைத்தான். ரிடன்டன்சி வெச்சுட்டோமே, ஈ.எம்.சி. டெஸ்ட் எதுக்கு என்ற கேள்விக்கும் பதில் இதுவே.

பி.எஃப்.பி.ஆர். டிசைன்ல ரெண்டு நிறுத்தும் அமைப்புக்கும் லாஜிக் வேற வேற. ஒன்று சாலிட் ஸ்டேட் லாஜிக், இன்னொன்று பல்ஸ் கோடட் லாஜிக். ஒரே காரணத்தால் ரெண்டும் சேர்ந்து விழக் கூடாது என்பதற்காக வேணும்னே வேற வேற வழி எடுத்திருக்காங்க. அதுக்கப்புறமும் ஒவ்வொரு பேனலும் தனியா டெஸ்ட்டில் பாஸ் ஆகணும்.

வாக்கி-டாக்கி கதை கற்பனை இல்லை. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1983-லயே கையடக்க ரேடியோக்களை அணுமின் நிலையத்துக்குள் பயன்படுத்துறது பற்றி எல்லா நிலையங்களுக்கும் தனியா ஒரு எச்சரிக்கைக் குறிப்பு அனுப்பிச்சு. அதைவிட வேடிக்கையான சம்பவம் 1997-இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹாடம் நெக் நிலையத்தில் நடந்தது. தீயணைப்பு கன்ட்ரோல் பேனலைத் திறந்து வெச்சு ஒருத்தர் பிளாஷ் போட்டு போட்டோ எடுத்தார். பிளாஷ் வெளிச்சம் உள்ளே இருந்த ஈபிராம் மெமரி சிப்பில் பட்டு, கன்ட்ரோல் ரூமுக்குள்ளேயே ஹாலான் வாயு திறந்துவிட்டது. அங்கே இருந்தவங்க அறையை விட்டு வெளியேற வேண்டியதாச்சு. அந்த உலை ஏற்கனவே நிரந்தரமா மூடப்பட்டிருந்ததால் பிழைச்சது. வெளிச்சமும் மின்காந்த அலைதானே.

சரி, வாக்கி-டாக்கியை எவ்வளவு தள்ளி வைக்கணும்? இதுக்கு நாம ஏற்கனவே படிச்ச ஆன்டெனா ஃபார்முலா போதும். 30, பவர் (வாட்), ஆன்டெனா கெயின் மூணையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, தூரத்தால் வகுத்தா மின்புலம் வரும். 5 வாட் ரேடியோ, நல்ல டைபோல், கெயின் 1.64 என்று வைப்போம். பெருக்கினா 246, வர்க்கமூலம் சுமார் 15.7. அதாவது 1 மீட்டர் தூரத்தில் மீட்டருக்கு 15.7 வோல்ட். கருவியை டெஸ்ட் பண்ணுற அளவு பொதுவா மீட்டருக்கு 10 வோல்ட். ஒன்றரை மீட்டருக்குள் வந்தாலே டெஸ்ட் அளவைத் தாண்டியாச்சு. அமெரிக்க வழிகாட்டியில் டெஸ்ட் அளவுக்கு 8 டெசிபல் கீழே, அதாவது மீட்டருக்கு 4 வோல்ட்டுக்குள் இருக்கிற மாதிரி தடை எல்லை போடச் சொல்றாங்க. 15.7-ஐ 4-ஆல் வகுங்க: கிட்டத்தட்ட 4 மீட்டர். பேனலைச் சுற்றித் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டு "இதைத் தாண்டி ரேடியோ கூடாது" என்று எழுதினா, அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கிற கணக்கு இவ்வளவுதான்.

டெஸ்ட்டுகள் ஐ.இ.சி. 61000-4 வரிசையில் வரும். அணுமின் நிலையத்துக்கு எந்த டெஸ்ட், எவ்வளவு கடுமை என்பதைச் சொல்ல ஐ.இ.சி. 62003 என்று தனித் தரம் 2009-இல் வந்தது, 2020-இல் திருத்தினாங்க. நம்ம நாட்டில் உலைகளின் பாதுகாப்புக்கு ஒப்புதல் தர்றது 1983-இல் ஆரம்பிச்ச அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். இந்த மாதிரி டெஸ்ட் பண்ணுற இடம் எப்படி இருக்கும் என்று தெரிஞ்சுக்க ரொம்ப தூரம் போக வேண்டாம். சென்னை தரமணியில் மத்திய அரசின் சமீர் நிறுவனத்துக்கு மின்காந்தவியல் மையம் இருக்கு. சுவர் முழுக்கக் கூம்பு கூம்பா அலையை உறிஞ்சும் நுரை ஒட்டின அனெகோயிக் சேம்பர் அங்கே உண்டு.

எல்லா டெஸ்ட்டையும் இங்கே வரிசையா எழுதினா சிலபஸ் மாதிரி ஆயிடும். விரலிலிருந்து பாயும் ஸ்டாட்டிக், மின்னல் மாதிரி சர்ஜ், கேபிள் வழியா ஏறும் ரேடியோ அலை, வோல்டேஜ் திடீர்னு குறையறது எல்லாம் இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்சது, கருவிகளை ரொம்பப் படுத்துறது, 61000-4-4: ஃபாஸ்ட் டிரான்சியன்ட் பர்ஸ்ட்.

நம்ம பக்கம் கரும்புத் தோட்டத்தில் போர் மோட்டாரை ஆஃப் பண்ணும்போது பக்கத்துல ஓடுற ரேடியோவில் "படபட" என்று ஒரு சத்தம் கேட்கும். ஸ்டார்ட்டர்ல இருக்கிற கான்டாக்ட் பிரியும்போது காயில் அந்தக் கரண்ட்டை விட மறுக்கும். வோல்டேஜ் ஏறும், கான்டாக்ட் இடைவெளியில் பொறி பறக்கும், அணையும், மறுபடியும் ஏறும், மறுபடியும் பறக்கும். அதனால் ஒரு பல்ஸ் இல்லை, பல்ஸ் கூட்டமே வரும். அணுமின் நிலையத்தில் பம்ப், வால்வு, ரிலே எவ்வளவு இருக்கும் என்று யோசிங்க. இதை லேபில் போலச் செய்யுறாங்க: 5 நானோசெகண்ட்டில் ஏறி 50 நானோசெகண்ட் அகலம் இருக்கிற பல்ஸ், வினாடிக்கு 5000 என்ற வேகத்தில் 15 மில்லிசெகண்ட் நேரம். கணக்குப் போட்டா ஒரு கூட்டத்துக்கு 75 பல்ஸ். 300 மில்லிசெகண்ட்டுக்கு ஒருமுறை கூட்டம் திரும்ப வரும். பவர் லைனில் 2 கிலோவோல்ட், கடுமையான இடத்துக்கு 4 கிலோவோல்ட்.

இது ஏன் நியூட்ரான் சேனலுக்கு ஆபத்து? உலை ஸ்டார்ட் ஆகும்போது நியூட்ரான் குறைவு. டிடெக்டர் ஒவ்வொரு நியூட்ரானுக்கும் ஒரு குட்டி பல்ஸ் தரும், எலெக்ட்ரானிக்ஸ் அதை எண்ணும். ஃபிஷன் சேம்பரின் பல்ஸும் நானோசெகண்ட் கணக்குலதான் இருக்கும். ரிலேயிலிருந்து வந்த பல்ஸும் அதே ஜாதி. ப்ரீ-ஆம்ப்ளிஃபயர் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கும்? எண்ணிக்கை சட்டுனு எகிறும், "உலை பவர் வேகமா ஏறுது" என்று லாஜிக் முடிவு பண்ணும், ட்ரிப்.

"சும்மா நின்னா நல்லதுதானே, பாதுகாப்பான பக்கம்தானே" என்று கேட்கலாம். முழுக்க அப்படி இல்லை. சோடியம் குளிர்விக்கிற உலையில் வெப்பம் ரொம்ப வேகமா கடத்தப்படும். உலை திடீர்னு நின்னா சோடியத்தின் வெப்பநிலை சட்டுனு இறங்கி, உள்ளே இருக்கிற எஃகுப் பாகங்களுக்குக் குளிர் அதிர்ச்சி கிடைக்கும். ஒவ்வொரு ட்ரிப்பும் அந்த எஃகின் ஆயுளில் கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடும். அதோட, சும்மா சும்மா கத்துற அலாரத்தை மனுஷங்க நம்ப மாட்டாங்க. மறுபக்கம் இன்னும் மோசம்: நாய்ஸ் வந்து அளவைக் குறைச்சுக் காட்டி, வர வேண்டிய ட்ரிப்பை வர விடாம பண்ணலாம்.

அதனாலதான் இங்கே பாஸ் மார்க்கே வேற. வீட்டு டி.வி.க்கு ஸ்டாட்டிக் டெஸ்ட்ல படம் ஒரு நொடி ஆடி தானா சரியானா பாஸ், அதை கிரைட்டீரியன் பி என்பாங்க. பாதுகாப்புக் கருவிக்கு "தானா சரியாயிடும்" செல்லாது. ஆபத்து அந்த ஒரு நொடியில் வந்தா? டெஸ்ட் நடக்கும்போதே வேலை சரியா நடக்கணும், அதுதான் கிரைட்டீரியன் ஏ. அதோட கருவியை ரெண்டு நிலையிலயும் சோதிக்கணும். ட்ரிப் எல்லைக்குக் கொஞ்சம் கீழே உள்ளீடு கொடுத்து, நாய்ஸால் ட்ரிப் ஆகலையே என்று பார்க்கணும். எல்லைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து, நாய்ஸ் இருந்தும் ட்ரிப் ஆகுதா என்று பார்க்கணும். முதல் பாதியை மட்டும் பண்ணிட்டு "எதுவும் ஆகலை, பாஸ்" என்று எழுதினா, செத்துப்போன பேனல்கூட பாஸ் ஆகும்!

சர்டிபிகேட்டிலும் ஒரு எல்லை இருக்கு. டெஸ்ட் பண்ணினது கதவு மூடின, கேபிள் ஷீல்டு சரியா இணைச்ச புதுப் பேனலை. ஷீல்டைப் பின்னி 10 செ.மீ. வாலா முறுக்கி எர்த் பண்ணினா, அந்த வாலின் இன்டக்டன்ஸ் சுமார் 0.1 மைக்ரோஹென்றி. 100 மெகாஹெர்ட்ஸில் அது 63 ஓம். எர்த் பண்ணின மாதிரி கண்ணுக்குத் தெரியும், அலைக்குத் தெரியாது. சுற்றிலும் பிடிக்கிற உலோக கிளாம்ப் போட்டா இந்தப் பிரச்சினை இல்லை. கதவுல 15 செ.மீ. இடுக்கு இருந்தா 1 கிகாஹெர்ட்ஸுக்கு அது அரை அலைநீளம், கிட்டத்தட்ட ஜன்னல். கல்பாக்கம் கடற்கரை வேற. உப்புக் காத்து இணைப்புகளை அரிக்கும், இன்னிக்கு மில்லிஓம் இருக்கிற பாண்டிங் சில வருஷத்தில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. பராமரிப்பில் இதையும் அளக்கணும்.

இதையெல்லாம் நம்ம லேபிலயே சின்ன அளவில் பார்க்கலாம். ஒரு 12 வோல்ட் ரிலேயை அதோட சொந்த நார்மலி-க்ளோஸ்டு கான்டாக்ட் வழியா இணைங்க, அது தானா ஆன்-ஆஃப் ஆகி "டர்ர்" என்று அடிச்சுக்கிட்டே இருக்கும். காயிலுக்கு டயோடு போடாதீங்க, நமக்கு வேண்டியதே அந்தப் பொறிதான். ரிலேக்குத் தனி பேட்டரி கொடுங்க. ஆர்டுயினோவை லேப்டாப்பிலிருந்து கழற்றி இன்னொரு பேட்டரியில் ஓட்டுங்க, யு.எஸ்.பி. போர்ட் பாவம். ரிலே ஒயரையும் சென்சார் கேபிளையும் ஒரு மீட்டர் நீளத்துக்கு டேப் போட்டு ஒட்டி, பத்து நிமிஷத்தில் எத்தனை தப்பான ரீடிங், எத்தனை ரீசெட் என்று எண்ணுங்க. அப்புறம் ஷீல்டு கேபிள் போட்டு எண்ணுங்க: ஒரு முனை மட்டும் எர்த், ரெண்டு முனையும் எர்த், 10 செ.மீ. வால், 2 செ.மீ. வால், கிளாம்ப். இதே செட்டப்பில் மூணு ஆர்டுயினோவைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, மூணும் ஒரே நொடியில் எத்தனை முறை தப்பு பண்ணுது என்றும் குறிச்சுக்கோங்க. பெருக்கல் கணக்கு சொல்ற எண்ணோட அந்த எண்ணை ஒப்பிட்டா ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கே போதும்.